ஆயுட்காலம் வரை

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சுகநலம் விசாரித்து முடிந்ததும், தாம் அழைத்த காரணத்துக்கு வந்தார். ஊரில் அவருடைய தகப்பனார் வழிக்காணி ஒன்று நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்துவிட்டார்களாம். அடுத்த தவணையில் அதை நீதிமன்றில் பதிந்து வழக்கை முடித்துவிடலாம் என்கிறார்களாம்.

"அற்றோணி குடுத்த ஆளும் ஓம் எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு எல்லாம் வடிவா விளங்கேல்லை. பிறகு பிழையெண்டு கண்டால் மாத்தலாம்தானே?" என்று கேட்டார்.

'மாத்தலாம்தானே' என்ற சொல்லை அவர் மிக இலகுவாகச் சொன்னார். என்னால் அதற்கு உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. நான் சட்டம் படித்தவனல்லன். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்கு வந்தவன். தொடக்க காலத்தில் சில வருடங்கள் நீதிமன்றச் செய்திகள் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஓர் இணக்கத் தீர்ப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதையும், அதைப் பின்னர் அழிப்பதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு பாடுபடவேண்டியிருக்கிறது என்பதையும் மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலாவதில் நான் காதுக்குள் ஓதியவன், இரண்டாவதில் சாட்சி. இரண்டையும் இதுவரை எங்கும் எழுதியதில்லை. நண்பருக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் தாயாரின் தங்கையாரான சின்னம்மாவுக்கு வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் நான்கு பரப்புக் காணி இருந்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணக் கணக்கு. ஆகவே அது கால் ஏக்கர். 1964இல் பாட்டனார் சீதனமாக எழுதிக் கொடுத்தது. வீதியோரமாக இருந்த முன்துண்டு மாமாவுக்கு, பின்துண்டு சின்னம்மாவுக்கு. வீதியிலிருந்து சின்னம்மாவின் படலை வரைக்கும் ஒன்பது அடி அகலத்தில் ஓர் ஒழுங்கை. ஒழுங்கையின் நடுப்பகுதியில் கிணறு. ஒழுங்கையும் கிணறும் இரு பிள்ளைகளுக்கும் சரிபங்கு என்று உறுதியில் எழுதப்பட்டிருந்தது. வழிக்கும் வாய்க்காலுக்கும் கிணற்றுப் பங்குக்கும் நம்மவர் உறுதிகளில் எத்தனை வரிகள் செலவிடப்படும் என்பதை ஊர்க்காணி உறுதி ஒன்றை வாசித்தவர்கள் அறிவார்கள். பாட்டனார் அந்த வரிகளில் குறை வைக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி குடாநாடு பெயர்ந்தபோது சின்னம்மாவும் கணவரும் மகளும் தென்மராட்சிக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குப் போனார்கள். சித்தப்பா வன்னியிலேயே காலமானார். மாமா குடும்பம் 1996இல் ஊர் திரும்பிவிட்டது. அடுத்த வருடம் மாமா தம் காணிக்கு மதில் கட்டினார். அந்த மதில் ஒழுங்கையையும் கிணற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அது பேராசையில் செய்ததா, ஆளில்லாத ஒழுங்கை வழியாக யார் யாரோ வந்து போகிறார்கள் என்ற பயத்தில் செய்ததா என்பதை இன்று யாரும் தீர்மானமாகச் சொல்ல முடியாது. மாமா 2004இல் இறந்தார். காணி லண்டனில் இருக்கும் அவருடைய மகனுக்கு, என் மச்சானுக்கு, வந்தது. 2009இன் பின்னர் முகாமில் இருந்து, 2010இல் சின்னம்மா மகளுடன் ஊர் திரும்பியபோது, தம் வீட்டுக்குப் போகவேண்டிய வழியில் இரும்புக் கேற் ஒன்றையும் அதில் பூட்டு ஒன்றையும் கண்டார்.

பின்பக்கத்தால் வேறொரு வழி இருந்தது. வயல் வரம்போரமாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். மாரியில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். அவ்வழியால்தான் கூரைத்தகடுகளையும் சீமெந்துப் பைகளையும் தலையில் சுமந்து கொண்டுவந்து அவர்கள் வீட்டைத் திருத்தினார்கள். பேச்சுவார்த்தை பயன் தராமற்போகவே 2011இல் சின்னம்மா மாவட்ட நீதிமன்றில் வழக்கு வைத்தார்.

எதிர்த்தரப்பின் பலம் பத்து வருடக் கணக்கில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் இன்னொருவரின் காணியைத் தொடர்ந்து பத்து வருடங்கள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக, தமக்கென ஆண்டால் அதற்கு உரித்துக் கோரலாம். ஊரில் இதை 'ஆட்சி' என்பார்கள். மதில் எழும்பிப் பதினான்கு வருடமாகிவிட்டது. பங்காளிகளிடையே இந்த ஆட்சி இலகுவில் செல்லாது என்பதும் சட்டந்தான். ஒரு பங்காளி ஆள்வது மற்றப் பங்காளிக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும், அவரை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் காட்டப்படவேண்டும் என்று கொரேயா எதிர் அப்புஹாமி என்ற இலங்கை வழக்கில் பிரிவுக் கவுன்சில் 1911இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் மதிலும் பூட்டும் வெளியேற்றுதல் ஆகாதா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான்.

2013இல் ஒரு தவணைக்கு நானும் போயிருந்தேன். கொழும்பிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன். அன்று சாட்சி விசாரணை தொடங்க இருந்தது. தொடங்கவில்லை. நீதிமன்ற வளவில் நின்ற வேப்பமரத்தின் கீழ் இரண்டு சட்டத்தரணிகளும் இருபது நிமிடம் பேசினார்கள். பிறகு எங்கள் சட்டத்தரணி எங்களிடம் வந்தார்.

"அம்மா, நாலு பரப்பும் உங்கடை எண்டு அவை ஒத்துக்கொள்ளுகினம். வழியும் கிணறும் நீங்கள் பாவிக்கலாம். மதில் கட்டினபடி இருக்கட்டும். கேற்றிலை ஒரு திறப்பு உங்களுக்குத் தருவினம். வழக்குப் பேசி ஆட்சியிலை தோத்தால் வழியும் இல்லை, கிணறும் இல்லை. யோசியுங்கோ."

சின்னம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அவர் சட்டத்தரணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குடும்பத்தில் படித்தவன், பத்திரிகைக்காரன், நீதிமன்றங்களில் நடமாடியவன் நான்தான்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ சின்னம்மா. வழக்கு முடிஞ்சால் நிம்மதி" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு இரண்டு காரணங்கள். இணக்கத்தை நான் உண்மையாகவே நம்பினேன். 1988ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டத்தைப் பற்றி எழுதியபோதும், தலைமுறை கடந்து நீளும் பங்கு வழக்குகளைப் பற்றி எழுதியபோதும், விட்டுக்கொடுப்பின் பெருமையை நான் எத்தனையோ பத்திகளில் புகழ்ந்திருக்கிறேன். 'இரு தரப்பும் இணக்கம், வழக்கு முடிவு' என்று செய்தி எழுதுகையில் ஒரு மனநிறைவு வரும். மற்றக் காரணம் சிறியது. அன்றிரவு கொழும்பு பஸ்ஸில் எனக்கு இருக்கை பதிவு செய்யப்பட்டிருந்தது. விசாரணை தொடங்கினால் மறுநாளும் நிற்கவேண்டி வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மன்றில் வழக்கு அழைக்கப்பட்டது. ஆறு நிபந்தனைகள் வாசிக்கப்பட்டன. மேலே மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. நீதிபதி சின்னம்மாவைப் பார்த்து, "சம்மதமா அம்மா?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்றார். காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தார். பத்து நிமிடங்கூட ஆகவில்லை. திறப்பு கைக்கு வந்தது. அன்றிரவு பஸ்ஸில் நான் நன்றாக உறங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து, 2015இல், சின்னம்மா காணியை மகளின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட விரும்பி நொத்தாரிசிடம் போனார். பெட்டகத்துக்குள் மடித்து வைத்திருந்த தீர்ப்பாணையின் பிரதியையும் கொண்டுபோனார். நொத்தாரிசு அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"அம்மா, காணியைப் பிள்ளைக்கு எழுதலாம். வழியை எழுதேலாது. அது உங்களோடை முடியுது."

ஐந்தாவது நிபந்தனை இப்படி இருந்தது: ஒழுங்கையும் கிணறும் அமைந்த நிலத்தின் உரித்து எதிராளிக்கே உரியது, வழக்காளி தமது ஆயுட்காலம் வரை அவற்றைப் பாவிக்கலாம். சீதன உறுதியில் அரைப்பங்கு உரித்தாக இருந்தது, பாவனையாக மாறியிருந்தது. அந்தப் பாவனையும் ஒரு கிழவியின் மூச்சோடு கட்டப்பட்டிருந்தது. மரத்தடியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது 'பாவிக்கலாம்' என்ற சொல் மட்டுமே. எவ்வளவு காலம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் வெளிநாடுகளில் இருந்து ஊர்க்காணிக்கு வழக்காடுகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

இலங்கையில் காணியை விற்கவோ கொடுக்கவோ வேண்டுமானால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் உறுதி முடிக்கவேண்டும். இத்தனை காவல் வைத்து நாம் பாதுகாக்கும் உரிமையை, நீதிமன்றில் பதியப்படும் ஆறு வரிகள் முடித்து வைத்துவிடலாம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. வழக்கின் தரப்பினர் சட்டபூர்வமான ஓர் இணக்கத்துக்கு வந்து அதை நீதிமன்றுக்கு அறிவித்தால், நீதிமன்று அதற்கிணங்கத் தீர்ப்பாணை வழங்கும். அந்த விடயத்தைப் பொறுத்தவரை அது இறுதியானது. சின்னவேலு எதிர் லிப்டன் என்ற வழக்கில், 1963இல் வெளியான சட்ட அறிக்கைப்படி, உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. நிபந்தனைகள் அறிவிக்கப்பட்டுப் பதியப்பட்டுவிட்டால், தீர்ப்பாணை இன்னும் எழுதப்படவில்லை என்பதைக் காட்டி ஒருவர் பின்வாங்க முடியாது என்றது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று சம்மதித்து நாளை மறுக்கலாம் என்றால் எந்த இணக்கமும் நிலைக்காது. இணக்கத்தை நம்பி மறுதரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆகவே மேன்முறையீட்டு மன்றுகள் நீதிபதிகளுக்கு ஒரு கடமையை வலியுறுத்தி வந்திருக்கின்றன. நிபந்தனைகள் ஐயத்துக்கு இடமின்றிப் பதியப்படவேண்டும், தரப்பினருக்கு வாசித்து விளக்கப்படவேண்டும், கையொப்பம் பெறுவது நன்று என்பதே அது. வாசலில் காவலை இறுக்கியிருப்பதற்குக் காரணம், உள்ளே போனபின் திரும்பிவருவது கடினம் என்பதுதான்.

கடினம் என்றாலும் வழி அடியோடு அடைபடவில்லை. இணக்கத் தீர்ப்பாணையின் அடியில் இருப்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைக் கெடுக்கும் காரணங்கள் அதையும் கெடுக்கும். மோசடி, பொய்யான எடுத்துரைப்பு, அச்சுறுத்தல், நியாயமானதும் மன்னிக்கத்தக்கதுமான தவறு, கட்சிக்காரரின் அதிகாரமின்றியோ அவரது அறிவுறுத்தலுக்கு மாறாகவோ சட்டத்தரணி சம்மதித்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பராயமடையாத பிள்ளையின் சார்பில் நீதிமன்றின் அனுமதி பெறாமல் செய்த இணக்கம் அப்பிள்ளையைக் கட்டாது. வழக்கில் தரப்பினராக இல்லாத பங்காளியையும் கட்டாது. பங்கு வழக்கு என்றால் இன்னும் அவதானம் தேவை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ், வந்து நிற்பவர்கள் தமக்குள் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக மட்டும் நீதிபதி காணியைப் பிரித்துவிட முடியாது. உரித்தைத் தாமே ஆராயவேண்டிய கடமை அவருக்கு உண்டு.

இத்தகைய காரணம் இருந்தால், தீர்ப்பாணை வழங்கிய மன்றிலேயே விண்ணப்பிப்பது ஒரு வழி. மற்றது, அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றிடம், தம்மை முன்னிருந்த நிலையில் மீள நிறுத்துமாறு கேட்பது. உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்த பரிகாரம் அது. எங்கே போனாலும் தாமதமின்றிப் போகவேண்டும். ஏன் பிந்தினாய் என்ற கேள்விதான் முதலில் எழும். மனம் மாறியது, பேரம் நட்டமாகப் போனது, அன்று களைத்துப்போய் இருந்தேன் என்பவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை.

சின்னம்மா அதே மாவட்ட நீதிமன்றில் விண்ணப்பித்தார். புதிய சட்டத்தரணி ஒருவர் தோன்றினார். மரத்தடியில் விளக்கப்பட்ட இணக்கம் வேறு, மன்றில் பதியப்பட்டது வேறு, தமது கட்சிக்காரர் தவறான விளக்கத்தின்மீது சம்மதித்தார் என்பதே அவரது வாதம். அதற்கு நேர்ச்சாட்சி வேண்டும். நேர்ச்சாட்சி நான்.

விசாரணைக்கு முதல்நாள் மாலை சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்தோம். மகள், என் தங்கச்சி முறையானவள், தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சின்னம்மா மெதுவாகச் சொன்னார்:

"அண்டைக்கு அந்த ஃபான் சத்தத்திலை உனக்கும் ஒண்டும் கேட்டிருக்காது, என்ன தம்பி?"

அது கேள்வி அல்ல. எனக்குத் திறந்துவிட்ட ஒரு வழி. நான் தேநீரைக் குடித்தேனே தவிர மறுமொழி சொல்லவில்லை.

ஏனெனில் எனக்குக் கேட்டிருந்தது. 'ஆயுட்காலம் வரை' என்ற சொற்கள் அன்று மன்றில் என் காதில் தெளிவாக விழுந்தன. எழுதும் தொழிலில் இருப்பவனுக்குச் சொற்கள் காதில் தங்கிவிடும். சட்டப் பத்திரங்களில் வழமையாக வரும் அலங்காரம் என்று அதைக் கடந்துபோனேன். ஓர் அரசியல்வாதியின் அறிக்கையில் ஒரு சொல் இடம் மாறியிருந்தால் தொலைபேசி எடுத்து விளக்கம் கேட்கிறவன், சின்னம்மாவின் வழியை முடித்துவைத்த சொல்லைக் கேட்டுக்கொண்டும் பேசாமல் நின்றேன்.

மறுநாள் கூண்டில் ஏறினேன். எங்கள் தரப்புக் கேள்விகளுக்கு, மரத்தடியில் சொல்லப்பட்டதைச் சொன்னபடியே சொன்னேன். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நிபந்தனைகள் மன்றில் வாசிக்கப்பட்டனவா?"

"ஓம்."

"தமிழில்?"

"ஓம்."

"'ஆயுட்காலம்' என்ற சொல் உங்கள் காதில் விழுந்ததா?"

சின்னம்மா முன்வாங்கில் இருந்தார். மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தார். இல்லை என்று நான் சொன்னால் அதைப் பொய் என்று நிரூபிக்க உலகத்தில் எவராலும் முடியாது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

"விழுந்தது" என்றேன். "சின்னம்மாவுக்குக் கேட்டதா, விளங்கியதா என்பது..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாற் போதும்" என்று சொல்லி அவர் அமர்ந்துவிட்டார்.

திரும்பி வருகையில் ஓட்டோவில் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. சந்தி கடந்தபின் சின்னம்மா கேட்டார்:

"நீ இல்லையெண்டு சொல்லியிருந்தால் நான் வெண்டிருப்பனோ?"

"தெரியாது சின்னம்மா."

"அப்ப சொல்லாமல் விட்டது நல்லது. தெரியாத ஒண்டுக்காகப் பொய் சொல்லக்கூடாது."

அவர் என்னை மன்னித்தாரா, அல்லது என்னைத் தேற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2016இல் கட்டளை கிடைத்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திறந்த மன்றில் வாசிக்கப்பட்டமை, கையொப்பம், சட்டத்தரணி தோன்றியமை, இரண்டு வருடத் தாமதம் என்று காரணங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, வழக்காளியின் அருகே கல்வியறிவுள்ள உறவினர் ஒருவரும் இருந்துள்ளார் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. என் தொழிற்காலம் முழுவதிலும் என்னைப்பற்றி எழுதப்பட்ட வசனங்களுள் அதுவே சரியானது. நீதிபதி பிழை செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் முன்னால் இருந்த சான்றில், என் சான்றையும் சேர்த்துத்தான், அந்த முடிவு நியாயமானது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் மொழியில் சொல்வதானால், பயங்கரவாதக் குழுக்களின் நடவடிக்கைகள் காரணமாக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றை நாடித் தம் காணி உரிமையைக் காக்க இயலாதிருந்தவர்களுக்கு எதிராக, அந்தக் காலத்தை ஆட்சிக்கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. எந்தப் பதினான்கு வருடக் கணக்குக்குப் பயந்து 2013இல் சின்னம்மா 'ஓம்' என்றாரோ, அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருடங்கள் இந்தக் காலத்துக்குள் அடங்குகின்றன. அவருடைய வழக்குக்கு அது முழுமையாகப் பொருந்தியிருக்குமா என்பது வாதத்துக்குரியதுதான். ஆனால் வாதிடுவதற்கு ஒரு சட்டமாவது கையில் இருந்திருக்கும். இணக்கம் செய்தவருக்குப் பின்னால் வரும் சட்டம் உதவுவதில்லை. அவர் வழக்கு அதற்கு முன்னரே முடிந்துவிட்டது.

கொழும்புக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றில் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டத்தரணி சொன்னார். செலவை நான் ஏற்பதாகச் சொன்னேன். "காணும் தம்பி" என்றார் சின்னம்மா. அவர் 2019இல் காலமானார்.

செத்தவீட்டுக்கு லண்டனிலிருந்து மச்சானும் வந்திருந்தார். எட்டுச் செலவு முடிந்த அன்று கிணற்றடியில் வைத்து என்னிடம் சொன்னார்: "மச்சான், நான் கேற்றைப் பூட்டமாட்டன். அவள் என்ரை மச்சாள்தானே. மாமி போன வழியாலை அவளும் போகட்டும். ஆனால் எழுதித் தா எண்டு மட்டும் கேக்காதை."

அவர் கெட்ட மனிதரல்லர். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறார். கேற் பூட்டப்படவில்லை. தங்கச்சி தினமும் காலையில் அந்த ஒழுங்கையால்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஆனால் அவள் நடையில் ஒரு மாற்றம் இருக்கிறது. சின்னம்மா அந்த ஒழுங்கையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூட்டுவார், வேலியோரப் பூவரசங்கொப்பு நீட்டினால் வெட்டுவார். தங்கச்சி எதையும் தொடுவதில்லை. மதிலுக்குள் புல் முளைத்தால் முளைத்தபடி கிடக்கிறது. பாட்டனார் எழுதிக் கொடுத்த வழி, இப்போது மச்சான் விடுகிற வழி. நாளை மச்சான் முன்துண்டை விற்றால், வாங்குகிறவருக்கு அவள் யாரோ.

இவை எல்லாவற்றையும் ரொறன்ரோ நண்பருக்குத் தொலைபேசியில் சொல்ல நேரம் இருக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். இணக்கத் தீர்ப்பை மாற்றலாம், ஆனால் ஏமாற்றப்பட்டவருக்குத்தான் அந்த வழி, கவனியாமல் இருந்தவருக்கு அல்ல. அற்றோணித் தத்துவத்தில் இணங்கித் தீர்க்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழமையான வடிவங்களில் அது இருக்கும், நாம் வாசியாமல் கையெழுத்து வைத்திருப்போம். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பதிலாள் பத்திரத்திலும் பெரும்பாலும் இருக்கும். நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மரத்தடி விளக்கம் போதாது. நில அளவைப் படத்தின் இலக்கமும், துண்டின் இலக்கமும், எல்லைகளும் அதில் இருக்கவேண்டும். உரித்தா, பாவனையா என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டுமா, உங்கள் பிள்ளைகளுக்கும் காணியை வாங்குவோருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வாசித்து விளங்க ஒரு தவணை வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். பத்து வருடம் நடந்த வழக்கு இன்னும் ஒரு மாதம் நடப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

இணக்கமே கூடாது என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். தகப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் நடத்துகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். ஒழுங்கைக்காக வழக்காடி, ஒழுங்கையின் பெறுமதியைப்போலப் பல மடங்கைச் செலவழித்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இணக்கம் ஒரு கொடை. ஆனால் 'சம்மதமா?' என்று நீதிபதி கேட்கும் அந்த ஒரு கணத்துக்கு முன்னால், பக்கத்தில் நிற்கும் படித்த உறவினர் தம் பஸ் நேரத்தைப் பார்க்கக்கூடாது.

இரண்டு நாட்கள் கழித்து நண்பர் நிபந்தனைகளை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஏழு நிபந்தனைகள். அச்சில் எடுத்து, பென்சிலோடு இருந்து வாசித்தேன். நான்காவதில் 'பாவனை' என்ற சொல் இருந்தது. அதன் கீழே கோடிட்டு, இதற்குச் சரியான பொருள் என்ன, எவ்வளவு காலத்துக்கு என்று உங்கள் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேளுங்கள் என்று பதில் அனுப்பினேன். கேட்டிருக்கிறார். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தவணை போடப்பட்டிருக்கிறதாம்.